நான்கு பெட்டி பிளம்

மூன்றாவது மாதமும் சம்பளம் வரவில்லை.
பதிலுக்கு
நான்கு பெட்டி பிளம் கொடுத்தனுப்பியிருந்தார் முதலாளி.
அல் அவீர் சந்தையிலிருந்து ஊரெல்லாம்
குளிர்வண்டி ஓட்டுகிறவன் தலையில்
குளிர் விட்டுப்போன பழத்தைக் கட்ட
அவருக்கென்ன கூச்சம்.

"இதைக் கணக்குல கழிப்பாரா?" என்றேன்.
சேர்மராஜ் சட்டையைக் கழற்றிக்கொண்டே
"கேக்கல" என்றான்.

ஆகஸ்ட். ஷார்ஜா. ரோலாவில் ஷேரிங் வீடு.
மூன்று குடும்பத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ்,
எங்களுக்கு நடுத்தட்டில் பாதி,
மறுபாதி மரிசெல்லின் மீன்.
பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினோம்.
ராத்திரி முழுக்க
கட்டிலுக்கடியில் யாரோ கள் இறக்குகிற வாசம்.

காலையில் தையல் கடையில்
அபாயாவுக்கு ஓரம் மடித்தபடி
குல்னோராவிடம் புலம்பினேன்,
என் அரை இந்தியில், அவளுடைய கால் இந்திக்கு.
சமர்கண்டுக்காரி. வாய் நிறைய குண்டூசி.
"கம்போட்" என்றாள்.
குண்டூசிகளைத் துப்பிவிட்டு மறுபடியும், "கம்போட்."
வெட்டு. தண்ணி. சர்க்கரை. சின்னத் தீ.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான். மூடு. நோண்டாதே.

வீட்டுக்கு வந்து பெயரைச் சொன்னதும்
"கம்போடவா? யாரை அடிக்க?" என்றான் சேர்மராஜ்.
மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.
சிரித்து ஓய்ந்ததும்
இரண்டு பேருக்கும் ஒரே முகம்தான்
ஞாபகம் வந்திருக்க வேண்டும்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.

சமையலறையில் எங்கள் முறை எட்டிலிருந்து ஒன்பது.
அவன் கழுவினான், நான் கீறினேன்.
சுற்றிலும் ஒரு கீறல்,
இரண்டு உள்ளங்கையால் எதிரெதிராய் ஒரு திருகல்,
பாதி சுலபமாய்க் கழன்று வருகிறது.
கொட்டை மட்டும் மறுபாதியில் ஒட்டிக்கொண்டு
பாஸ்போர்ட்டைத் திருப்பித் தராத மேனேஜர் மாதிரி.

அழுகினதைச் செதுக்கித் தள்ளினால்
தேறியது இரண்டு பெட்டிக்கும் குறைவு.
சர்க்கரை அரைக்கிலோ எங்களுடையது,
கால்கிலோ சொல்லாமல் எடுத்தது.
பிரியாணிக்கென்று வைத்திருந்த பட்டையில்
ஒரு துண்டு.

அதற்கப்புறம் வேலை இல்லை.
அதுதான் வேலை.
கேசரி, களி, கூழ் என்று
பிறந்ததிலிருந்து கிண்டியே பழகிய கை.
கரண்டியை அவனிடம் கொடுத்து
ஒளித்து வைக்கச் சொன்னேன்.
மூடியின் ஓரமாய்ப் பார்த்தால்
மஞ்சள் சதைக்குள்
தோலின் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது,
யாரும் சொல்லாமல், யாரும் கலக்காமல்.

ஒன்பதே கால்.
வாசலில் குழம்புச் சட்டியோடு ஜமீலா.
கண்ணூர்க்காரி, நேரத்துக்குக் கறார்.
"பாயசமானோ?"
இல்லை.
"ஜாமானோ?"
அதுவும் இல்லை.
"பின்னே?"
"சம்பளம்" என்றேன்.
ஒரு நொடி என்னைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள்.
"மெல்லே மதி" என்று
சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

ஊறுகாய் பாட்டில், டேங்க் பாட்டில், காபி பாட்டில்,
மொத்தம் ஏழு.
பாத்திரத்தில் மிச்சமிருந்ததை
குபூஸைக் கிழித்துத் தொட்டுத் தின்றோம்.
முதலில் புளிப்பு, பல் கூசுகிற அளவுக்கு.
இனிப்பு தொண்டைக்குப் போன பிறகுதான் வந்தது.
"புளிக்குது" என்றான். இன்னும் கொஞ்சம் கிழித்தான்.

படுக்கும்போதுதான் கவனித்தேன்.
பழத்தில் ஒட்டியிருந்த குட்டி ஸ்டிக்கர்களை
அவன் காலண்டரில் ஒட்டியிருந்தான்,
தேதிக்கு ஒன்று.
ஆகஸ்ட் போதாமல்
செப்டம்பர் பாதிவரை போயிருந்தது.

குல்னோராவுக்கு ஒன்று, ஜமீலாவுக்கு ஒன்று,
மரிசெல்லுக்கு ஒன்று என்று பிரித்து வைத்தேன்.
காலை நாலரைக்கு
காபி பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தான்.
"யாருக்கு?"
"ஆபீசுக்கு. இன்னைக்கு நேர்ல கேட்டுடலாம்னு."
"வெறுங்கையோடயா?"
"கம்போடதான் போறேன்"
என்று செருப்பை மாட்டினான். சிரிக்கவில்லை.

லிஃப்ட் கீழே இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது,
அந்த பாட்டிலின் மூடி
சரியாகத் திருகாது.